ஓட்டு வீட்டுப் பின்னறையில் ஒரு பாடல்: கணினியில் இசை செய்யத் தொடங்குவோருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே எங்கள் ஓட்டு வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். ஆலயப் பாடகர் குழுவில் பாடும் இளைஞர்களும், ஊர்க்கோயில் கொடை விழாவுக்குப் பாட்டெழுதுகிறவர்களும், கல்லூரியில் படித்துக்கொண்டே மெட்டுப் போடுகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த பிளகின் வாங்க வேண்டும்? அதற்கு நான் கடைசியில்தான் விடை சொல்வேன். பிளகின் என்பது பதிவான ஒலியைத் திருத்தவோ புதிய ஒலியை உண்டாக்கவோ உதவும் சிறு நிரல். அறையும் குரலும் தராத ஒன்றை அதனால் தந்துவிட இயலாது. நான் தொடங்கிய காலத்தில் முதல் ஓராண்டு முழுவதும் இலவச பிளகின்களைத் தேடித் தேடி நிறுவினேன். அந்த ஓராண்டில் ஒரு பாடலும் முடியவில்லை. ஒரு மென்பொருள், அதனுடனேயே வரும் கருவிகள், ஒரு மைக் என்று சுருக்கிக்கொண்ட பிறகு மூன்று வாரத்தில் முதல் பாடல் முடிந்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறிய பாட்டு

முதல் முயற்சிக்குப் பெரிய படைப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஒரு பாட்டு, ஒரு குரல், பின்னால் சுருதி, ஒரு தாளக்கருவி, வேண்டுமானால் இடையில் ஒரு குழலிசை; இவ்வளவு போதும். எடுத்துக்காட்டுக்கு என் அத்தை பாடும் ஒரு தாலாட்டை வைத்துக்கொள்கிறேன். மோகன ராகத்தின் சாயலில், மூன்று மூன்றாக எண்ணும் நடையில் போகும் மெட்டு அது; அத்தையின் சுருதி ஐந்து கட்டை. உங்கள் பாட்டுக்கும் இந்த மூன்று செய்திகளை, அதாவது எந்தச் சுரங்கள், எந்த நடை, எந்தக் கட்டை என்பவற்றை, கணினியைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பிறர் இயற்றிய பாட்டை எடுத்துக்கொள்வதாக இருந்தால் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் பார்த்துவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி, பாட்டெழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. இசைக்கும் அதே கணக்குத்தான். ஆலயங்களில் நெடுநாளாகப் பாடப்படும் கீர்த்தனை என்பதாலேயே அது எல்லோருக்கும் பொது என்று கொள்ள முடியாது. இயற்றியவரின் காலத்தை அறிந்த பிறகே பதிவில் இறங்க வேண்டும்.

அறையே முதல் கருவி

நீங்கள் பாடப்போகும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய ஓசை உடனே அடங்கிவிட்டால் நல்லது. ‘டிர்ர்’ என்று ஒரு சிறு அதிர்வு சுவர்களுக்கிடையே ஓடினால், அந்த அதிர்வு நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். தரையில் டைல்ஸ் பதித்து, மேலே கான்கிரீட் தளம் போட்ட புது வீடுகளில் இது மிகுதி. எதிரெதிராக உள்ள இரண்டு கடினமான பரப்புகளுக்கு இடையே ஒலி பந்துபோல் போய் வருவதே காரணம். சரிந்த ஓட்டுக் கூரையின் கீழே தரைக்கு இணையான பரப்பு இல்லாததால் இந்தத் தொல்லை குறைகிறது. ஆனால் வெளிச்சத்தமும் மழையும் அந்தக் கூரை வழியே தாராளமாக உள்ளே வரும். எந்த வீடாக இருந்தாலும் அதன் குறையை அறிந்து நடந்துகொள்வதுதான் முறை.

குறைந்த அதிர்வெண் ஒலிகளைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடம் அது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. பத்தடி அகலமுள்ள அறையில், இரண்டு சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி நின்று முழங்கும். அதன் இருமடங்கான 112 ஹெர்ட்ஸிலும் முழங்கும். இந்த இரண்டாவது எண் ஆண்குரலின் கீழ்ச்சுரங்கள் இருக்கும் இடத்திலேயே விழுகிறது. அறை பத்துக்குப் பத்து என்று சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே அதிர்வெண்ணில் முழங்கிக் குறையை இரட்டிப்பாக்கும். ஆகவே நீள்சதுர அறையைத் தேர்ந்தெடுங்கள். பாடுகிறவர் அறையின் சரிநடுவிலும் நிற்க வேண்டாம், மூலையிலும் நிற்க வேண்டாம்.

அடுத்து, எதிரொலியை உறிஞ்சும் பொருள்கள் வேண்டும். நம் மாவட்டத்தில் தென்னைநார் மெத்தைக்குப் பஞ்சமில்லை. நல்ல கனமுள்ள ஒரு மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். மைக் பாடுகிறவரை நோக்கியிருப்பதால், அவருக்குப் பின்னாலிருந்து திரும்பி வரும் ஒலியைத்தான் அது நேராக வாங்குகிறது. பக்கங்களில் கொடி கட்டி, இரண்டாக மடித்த கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிடலாம். தரையில் பாய் விரிக்கலாம். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைக்கலாம். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை மெல்லியவை, மேல் அதிர்வெண்களில் சிறிதளவே உறிஞ்சும், கீழே எதுவும் செய்யா. அந்த உழைப்பை இரண்டு மெத்தைகளில் காட்டுவது மேல்.

ஒன்றை மறக்க வேண்டாம்: மெத்தையும் போர்வையும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பது சுவரின் கனமும் இடைவெளியில்லாத கதவும்தான்; வாடகை வீட்டில் அவற்றை மாற்ற முடியாது என்பதால் நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் இரவு பத்தரைக்குப் பிறகு பேருந்துச் சத்தம் அடங்கும். விடியற்காலையில் வழிபாட்டிடங்களின் ஒலிபெருக்கிகள் தொடங்குவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். மழை பெய்து ஓய்ந்த இரவில் தவளைகள் விடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் குடியிருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் சன்னல் கதவுகள் அதிர்வதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டின் உள்ளறையே அப்போது உகந்தது. மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியின் ஓசை கேட்டால் அதையும் பதிவு நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள்.

கருவிகள்

கணினியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் கொண்ட மடிக்கணினி நம் தாலாட்டுக்குத் தாராளம். கைப்பேசியில் மட்டும் தொடங்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் பேண்ட்லேப் போன்ற இலவசச் செயலியில் தொடங்கலாம். கீழே வரும் செய்திகளில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

மைக்கில் இரண்டு வகை உண்டு. கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலிகளையெல்லாம் வாங்கும். அதற்கு 48 வோல்ட் மின்னூட்டம் தேவை, அதை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இணைப்புக் கருவி தரும். டைனமிக் மைக் அருகிலுள்ள ஒலியை நன்றாகவும் தொலைவிலுள்ளதைக் குறைவாகவும் வாங்கும், மின்னூட்டம் தேவையில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சாலையை ஒட்டிய வீட்டில் இருப்பவருக்கு, கண்டென்சர்தான் உயர்ந்தது என்று யார் சொன்னாலும், நான் டைனமிக்கையே பரிந்துரைப்பேன். மேடைகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் ஷூர் எஸ்.எம்.58 அந்த வகையைச் சேர்ந்தது. கண்டென்சர் வாங்குகிறவர்கள், குறிப்பாகக் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள், வேலை முடிந்ததும் அதைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும். ஈரம் ஏறினால் மைக் படபடவென்று வெடிக்கும் ஓசை எழுப்பத் தொடங்கும்.

மைக்கைக் கணினியுடன் இணைப்பது ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒரு மைக் உள்ளீடும் ஹெட்போன் வெளியீடும் கொண்ட சிறியது ஒன்று போதும். ஹெட்போன் காதை முழுவதும் மூடுகிற வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையானால் அதிலிருந்து கசியும் தாளத்தட்டு, அதாவது நடை பிசகாமல் பாட மென்பொருள் எழுப்பும் ‘டிக் டிக்’ ஓசை, மைக்கில் ஏறிவிடும். ஒலிபெருக்கிகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மென்பொருளை அமைத்தல்

ஒலித்தடங்களைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, கலக்கும் மென்பொருளை டி.ஏ.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கியூபேஸ், எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக் என்று பல உள்ளன. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. நான் பயன்படுத்துவது ரீப்பர். அதை 60 நாள் முழு வசதிகளுடன் சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிமனிதப் பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும் என்பதும், சமன்படுத்தி (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்த வேறுபாட்டைக் குறைப்பது), எதிரொலி, சாம்ப்ளர் (பதிவான ஒலியைக் கருவிபோல் இசைப்பது) ஆகியவை அதனுடனேயே வருகின்றன என்பதும் நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். உரிமத்தை உடைத்து இலவசமாகத் தரப்படும் மென்பொருள்களையும் பிளகின்களையும் தொடவே வேண்டாம். அவற்றோடு தீநிரல்கள் வருவதுண்டு. அதைவிட, தன் பாட்டுக்கு உரிய மதிப்பை எதிர்பார்க்கும் ஒருவர் இன்னொருவரின் உழைப்பைத் திருடித் தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை.

நிறுவியதும் மூன்று அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். ஒன்று, விண்டோஸ் கணினியில் ஒலிச்சாதனமாக இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவரை, அதாவது ஒலியைத் தாமதமின்றிக் கடத்த உதவும் நிரலை, தேர்ந்தெடுப்பது. இரண்டு, நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்று பதிவுத் தரத்தை வைப்பது; இந்தத் தரத்தில் ஒற்றைத் தடப் பதிவுக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி இடம் பிடிக்கும். மூன்று, பஃபர் அளவு. கணினி ஒலியைச் சிறு சிறு கூறுகளாகச் சேர்த்து வைத்துக் கையாள்கிறது; கூறு பெரிதானால் பாடுகிறவர் தன் குரலைத் தாமதமாகக் கேட்பார். 256 மாதிரிகள் என்று வைத்தால் ஒருவழித் தாமதம் 5.3 மில்லிநொடி, 1024 என்றால் 21 மில்லிநொடிக்கு மேல். ஒரு மில்லிநொடியில் ஒலி ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது என்பதை வைத்துப் பார்த்தால், முன்னது தவில்காரரிடமிருந்து ஆறடி தள்ளி நிற்பதற்குச் சமம். பின்னதில் அவர் தெருமுனையை நோக்கிப் போய்விடுகிறார். பதிவு செய்யும்போது 128 அல்லது 256 வையுங்கள். கலவை வேலையின்போது 1024-க்கு உயர்த்திக் கணினிக்கு மூச்சு விடுங்கள்.

சுருதியும் தாளமும்

நம் கட்டைக் கணக்கைக் கணினி இசை மென்பொருளின் பியானோ விசைப்பலகைக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டை என்பது மேற்கத்திய இசைப் பெயரில் ‘சி’, இரண்டு கட்டை ‘டி’, மூன்று ‘இ’, நான்கு ‘எஃப்’, ஐந்து ‘ஜி’, ஆறு ‘ஏ’, ஏழு ‘பி’. ஒன்றரை, இரண்டரை என்பவை இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். அத்தையின் ஐந்து கட்டைக்குச் சட்ஜம் 196 ஹெர்ட்ஸில் உள்ள ‘ஜி’. கணினி சுரங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் மிடி எண்ணில் அது 55. அங்கிருந்து மோகனத்தின் ஐந்து சுரங்கள் 55, 57, 59, 62, 64 என்று வரும். புதிய தடமொன்றில் எளிய சிந்தசைசர் பிளகினைத் திறந்து, 55, 62, 67 ஆகிய மூன்றையும், அதாவது சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் ஆகியவற்றை, மெலிதாக நீட்டினால் சுருதி தயார். வீட்டில் சுருதிப்பெட்டி இருந்தால் அதைப் பதிவு செய்வது இன்னும் நல்லது. இந்தோளம் போலப் பஞ்சமம் இல்லாத ராகமானால் பஞ்சமத்துக்குப் பதில் மத்திமத்தை நீட்ட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பியானோ விசைப்பலகை பன்னிரண்டு சுரத்தானங்களையும் சம இடைவெளியில் வைக்கிறது. சுர இடைவெளியை அளக்கும் அலகான சென்ட் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் 100. சுருதியோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரமோ 386 சென்ட்டில் நிற்கிறது. விசைப்பலகையின் காந்தாரம் 400-இல். அந்த 14 சென்ட் வேறுபாட்டைச் சுருதியில் ஊறிய காது உடனே உணரும். பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான் என்பதால் கேட்காது. ஆகவே குரலைத் ‘திருத்தும்’ ஆட்டோட்யூன் வகைப் பிளகினை அத்தையின் குரல்மேல் போட்டால், அது சரியாக நின்ற காந்தாரத்தை மேலே தூக்கித் தவறாக்கும். சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் இடங்களைப் படிக்கட்டுகளாக வெட்டிவிடும். தாலாட்டில் அந்த வழுக்கல்தான் உயிர். தவறிய சுரம் ஒன்றிரண்டு இருந்தால் அந்த வரியை மட்டும் மறுபடி பாடச் சொல்லுங்கள். குரல்திருத்திக்கு இந்தப் பாட்டில் வேலையில்லை.

தாளத்துக்கு, திட்டத்தின் அமைப்பில் 3/4 என்றும் நிமிடத்துக்கு 80 தட்டு என்றும் வைக்கிறேன். ஆதி தாளமானால் 4/4-இல் இரண்டு அளவுகள் ஓர் ஆவர்த்தனமாகும். மிச்ர சாப்புக்கு 7/8 வைக்கலாம். பாட்டின் தொடக்கத்தில் விருத்தம் போலத் தாளமின்றிப் பாடும் பகுதி இருந்தால் அங்கே தட்டை நிறுத்திவிடுங்கள். எண்ணிக்கைக்குள் அடங்காததை எண்ணிக்கைக்குள் திணித்தால் பாடுகிறவர் மூச்சு விடவும் தயங்குவார்.

குரலைப் பதிவு செய்தல்

மைக்கைப் பாடுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், வாய்க்குச் சற்று மேலே வைத்து, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். ‘ப’ போன்ற எழுத்துகளில் வெளிப்படும் காற்று மைக்கில் மோதாமல் இருக்க இடையில் ஒரு பாப் ஃபில்டர் வேண்டும். மைக்கை மிக நெருங்கினால் கீழ்ச்சுரங்கள் தேவைக்கு மேல் பருக்கும். பெரும்பாலான மைக்குகள் பின்புறத்திலிருந்து வரும் ஒலியைக் குறைவாகவே வாங்குவதால், அந்தப் பின்புறம் சாலைப்பக்கச் சன்னலை நோக்கி இருக்கட்டும்.

பாட்டின் உச்சமான இடத்தைப் பாடச் சொல்லி, அளவுமானி -12 முதல் -10 டெசிபெல்லுக்குள் நிற்குமாறு இன்டர்ஃபேஸின் குமிழைத் திருப்புங்கள். சத்தமாகப் பதிவானால்தான் தெளிவாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 24 பிட் பதிவில் அது தேவையில்லை. ஒலியளவு பூச்சியத்தைத் தாண்டி நறுக்கப்பட்டால்தான் இழப்பு, அதைப் பின்னால் மீட்கவும் முடியாது. ‘ஊம்’ என்ற தொடர் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அத்துடன் அது அடங்கிவிடும். பதிவுக்கு முன் யாரும் அசையாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து வையுங்கள். பின்னால் இரைச்சல் நீக்கும் பிளகினுக்கு எது இரைச்சல் என்று காட்ட அந்த அரை நிமிடம் தேவைப்படும்.

முழுப் பாட்டையும் நான்கு முறை பாடச் சொல்லுங்கள். நான்காவது முறைக்குள் குரல் திறந்துவிடும், அதற்கு மேல் சோர்வு வரும். பிறகு வரிவரியாகக் கேட்டு, சிறந்ததை எடுத்து ஒட்டி, ஒட்டும் இடத்தில் 10 மில்லிநொடி அளவுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலி கரைந்து மாறுமாறு வையுங்கள். பாடுகிறவரின் மூச்சு ஓசைகளை வெட்டி எறிய வேண்டாம், தணித்தால் போதும். தாலாட்டில் மூச்சு கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஆலயங்கள் பலவற்றில் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் வழக்கம் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே மைக்கில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு குரலுக்கும் பாடுகிறவர் நிற்கும் இடத்தையும் தொலைவையும் சற்று மாற்றினால் குழுவாகப் பாடிய உணர்வு வரும். வளைகுடா நாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அங்கிருந்தே ஒரு குரலைப் பாடித் தருவதாக இருந்தால், தாளத்தட்டுடன் கூடிய சுருதித் தடத்தை அவருக்கு அனுப்பி, காதில் கேட்டபடியே கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; தொடக்கத்தில் தட்டோடு சேர்த்து மூன்று முறை கைதட்டினால் தடங்களைப் பொருத்துவது எளிது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். குரல் செய்தியாக வந்தால் தரம் சுருங்கிவிடும்.

மண்பானை ஒரு கருவியாகும் விதம்

இனித்தான் பிளகின். மிடி என்பது 1983-இல் வந்த நெறிமுறை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற கட்டளையை மட்டும் அது எடுத்துச் செல்கிறது, ஒலியைச் சுமப்பதில்லை. அந்தக் கட்டளையை ஒலியாக மாற்றுவது கருவிப் பிளகின். 1996-இல் ஸ்டெயின்பெர்க் வெளியிட்ட வி.எஸ்.டி. என்ற பொது அமைப்பால்தான் ஒரு நிறுவனத்தின் பிளகின் மற்றொரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இயங்குகிறது. சர்ஜ் எக்ஸ்.டி., வைட்டல் ஆகிய இரண்டு சிந்தசைசர்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டிய அளவு அவற்றில் இருக்கிறது. இடையிசைக்குக் குழல் ஒலி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பிட்ச் பெண்ட் எனப்படும் வளைவுக் கட்டளையைக் கற்றுக்கொள்ளுங்கள். வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு சுரத்தானம்வரை வளைக்கும்; அந்த வீச்சு 16,384 நுண்படிகளாகப் பிரிந்திருப்பதால் கமகத்தைக் கையால் வரைய முடியும். முதலில் அந்த அசைவை நீங்களே வாயால் பாடிப் பதிவு செய்து, அந்த அலைவைப் பார்த்தபடி வளைவை வரையுங்கள். விசைகளை மட்டும் தட்டிச் செய்த மோகனம் தனித்தனிச் சுரங்களாகக் கிடக்கும்; ராகமாகாது.

தாளத்துக்கு வருவோம். கொடை விழாக்களில் வில்லிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வில்லின் மணியும் உடுக்கையும் குடமும் சேர்ந்து எழுப்பும் நடை காதை விட்டுப் போகாது. விலைக்குக் கிடைக்கும் இந்திய ஒலித்தொகுப்புகளில் தபலாவும் மிருதங்கமும் டோலக்கும் எளிதில் கிடைக்கின்றன. வில்லுக்குடத்தை அவற்றில் நான் கண்டதில்லை. அதனால்தான் நானே செய்துகொண்டேன். உங்களாலும் ஒரே மாலையில் செய்ய முடியும்.

வீட்டில் தண்ணீர் வைக்கும் மண்பானை ஒன்றை எடுத்து, துணிச் சும்மாட்டின்மேல் அமர்த்துங்கள். உள்ளங்கையால் வாயை மூடித் தட்டும்போது எழும் ஆழ்ந்த ‘பும்’ ஓசை, உள்ளிருக்கும் காற்று கழுத்து வழியே முன்னும் பின்னும் அதிர்வதால் வருவது. வயிறு பெரிதாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் ஓசை இன்னும் கீழே இறங்கும். பானையில் சிறிது தண்ணீர் ஊற்றினால் காற்றின் இடம் சுருங்கி ஓசை மேலே ஏறும். இந்த வழியில் பானையின் ஓசையை அத்தையின் சட்ஜத்துக்கே சேர்த்துவிடலாம். மைக்கை வாய்க்கு நேர் மேலே வைக்காமல் ஒன்றரைச் சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். தட்டும்போது கிளம்பும் காற்று மைக்கைத் தாக்கக் கூடாது. மென்மை, நடுத்தரம், பலம் என்று மூன்று அழுத்தங்களில், ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டுகள். ஓசை முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த தட்டு. பிறகு விரல் நுனியால் பானையின் தோளில் தட்டும் கூர்மையான ஓசையையும் அதே முறையில் எடுங்கள். மொத்தம் இருபத்து நான்கு ஒலிகள்.

அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டி, ஓசை தொடங்கும் இடத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டு, ரீப்பருடன் வரும் ரீசாம்பிளோமேட்டிக்5000 என்ற சாம்ப்ளருக்குள் இழுத்துப் போடுங்கள். மென்மையானது மிடி அழுத்தம் 1 முதல் 50 வரைக்கும், நடுத்தரமானது 51 முதல் 90 வரைக்கும், பலமானது 91 முதல் 127 வரைக்கும் ஒலிக்குமாறு, அழுத்தத்துக்கு ஒன்றாக மூன்று சாம்ப்ளர்களை ஒரே தடத்தில் அடுக்குங்கள். ஒரே தட்டு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத்தனம் தெரியும்; நான்கு தட்டுகளும் மாறி மாறி ஒலிக்க வேண்டும். சாம்ப்ளரில் இதை அமைப்பது கைவராதவர்கள், நான்கு தட்டுகளையும் மாற்றி மாற்றி நேரடியாகத் தடத்திலேயே ஒட்டிவிடலாம், இரண்டு நிமிடப் பாட்டுக்கு அது பெரிய வேலையன்று. எல்லாத் தட்டுகளையும் கோட்டின்மேல் துல்லியமாக நிறுத்தாமல், சிலவற்றைச் சில மில்லிநொடி பிந்த விடுங்கள். தொட்டிலின் ஆட்டம் அதில் வரும்.

மெய்யான வில்லுக்குடத்தையோ உடுக்கையையோ பதிவு செய்ய விரும்பினால் கலைஞரிடம் நேரில் சென்று, அந்த ஒலி எதற்குப் பயன்படும் என்று சொல்லி, இசைவு பெற்று, உரிய தொகை கொடுத்து, பாடலில் அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பதிவு செய்யலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். கூடாது, நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் கல் அது, நம் பாட்டுக்காக ஒரு தட்டுகூட வாங்கக் கூடாது.

கலவை

எந்த பிளகினும் போடாமல், ஒலியளவுக் கட்டைகளை மட்டும் நகர்த்திப் பாட்டு ஓரளவு சமநிலைக்கு வரும்வரை கேளுங்கள். பெரும்பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். குரலும் பானையும் நடுவில், குழல் சற்று வலப்பக்கம், சுருதி இருபுறமும் பரவலாக என்று அமைக்கலாம்.

அதன்பின் குரல் தடத்தில் சமன்படுத்தியைப் போடுங்கள். இந்தப் பாட்டில் அத்தை இறங்கும் மிகக் கீழ்ச்சுரம் மந்தரப் பஞ்சமம், அதாவது 147 ஹெர்ட்ஸ். ஆகவே 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது குரலன்று, தரையதிர்வும் லாரி ஓசையும்தான். அதை வெட்டிவிடலாம். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்துக் கேட்டால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ‘ஸ’ ஓசை குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் தேடுங்கள். அடுத்தது கம்ப்ரஸர்: சத்தமான இடங்களைத் தணித்து, மென்மையான இடங்களோடு நெருக்கமாக்குவது. 3:1 விகிதத்தில், பலமான இடங்களில் மட்டும் 3 முதல் 6 டெசிபெல் குறையுமாறு வைத்தால் தாலாட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

எதிரொலிக்கு நான் விரும்பிச் செய்வது ஒன்று உண்டு. ஊர் ஆலயத்தில் வழிபாடு இல்லாத நேரத்தில், பொறுப்பாளரின் இசைவுடன், பலூன் ஒன்றை முன்புறத்தில் வெடித்து, அந்த ஓசை மண்டபத்தில் சுழன்று அடங்குவதைப் பின்வரிசையிலிருந்து பதிவு செய்தேன். அந்தக் கோப்பை ரீவெர்ப் என்ற எதிரொலிப் பிளகினில் ஏற்றினால், பின்னறையில் பாடிய குரல் அந்த ஆலயத்துக்குள் பாடியதுபோல் ஒலிக்கிறது. நான் சிறுவயதில் நின்று பாடிய அதே இடத்தின் முழக்கம். இதைத் தனித் தடமொன்றில் வைத்து, குரலிலிருந்து தேவையான அளவு மட்டும் அனுப்புங்கள். குரல் தடத்திலேயே நேராகப் போட்டுவிட்டால் அளவைக் கட்டுப்படுத்துவது கடினம்.

கலந்து முடித்ததை மூன்று இடங்களில் கேட்க வேண்டும். ஹெட்போன் ஒன்று. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி மற்றொன்று. அதில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒலிக்காது என்பதால் பானையின் ‘பும்’ காணாமல் போகும், விரல்நுனித் தட்டுதான் அங்கே நடையைக் காப்பாற்றும். மூன்றாவதாக, எல்லாத் தடங்களையும் ஒற்றை ஒலியாக இணைத்துக் கேளுங்கள். நம் ஊர் விழாக்களின் கூம்பு ஒலிபெருக்கிகள் ஒற்றை ஒலிதான். இருபுறமும் விரித்த ஒலிகள் அதில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைந்துவிடக்கூடும்.

வெளியிடுவதற்கு முன்

ஸ்பாட்டிஃபை பாடல்களின் சராசரி ஒலியளவை -14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற மட்டத்துக்குச் சமன்செய்கிறது. அதைவிடச் சத்தமாகச் செய்து அனுப்பினால் அங்கே குறைக்கப்படும். ஆகவே பிறர் பாடலோடு சத்தத்தில் போட்டியிட வேண்டியதில்லை. உச்ச அளவு -1 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். முதன்மைப் படியை 24 பிட் வேவ் கோப்பாகவும், பகிர்வதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3-ஆகவும் எடுங்கள்.

இறுதியாக, ஒவ்வொரு தடத்தையும் பிளகின்களுடன் சேர்த்துத் தனி வேவ் கோப்பாக எழுதி வைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்துத் திட்டத்தைத் திறக்கும்போது ஏதேனும் ஒரு பிளகின் புதிய கணினியில் இயங்காமல் போகலாம். வேவ் கோப்பு எந்த மென்பொருளிலும் திறக்கும். அதே கோப்புறையில் ஒரு குறிப்பும் இருக்கட்டும்: ஐந்து கட்டை, மோகனம், 3/4, நிமிடத்துக்கு 80, பானையில் தண்ணீர் கால்பாகம், பாடியவர் பெயர், பதிவு நாள். கணினிக்கு வெளியே ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒரு படியும், வேறொரு வீட்டில் ஒரு படியும் சேர்த்து வைத்துவிட்டு, எம்பி3-ஐ முதலில் பாடியவருக்கு அனுப்புங்கள். அவர் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே மற்றவர்களுக்கு.